பழைய கோவாவின் பேராலயம்

மழைக்காலம் வரப்போகிறது. வீட்டுக்காரர் சுவரைப் பார்க்கிறார். ஓரிடத்தில் காரை பெயர்ந்திருக்கிறது. "மழைக்கு முன்னால் இதைப் பூசிவிட வேண்டும்" என்கிறார். ஏன்? பூச்சு இல்லாத சுவரில் தண்ணீர் இறங்கும். ஓதம் ஏறும். சுவர் உளுத்துப்போகும். இது நாம் எல்லாருக்கும் தெரிந்த செய்திதான்.

நம் உடம்புக்குச் சட்டை எப்படியோ, சுவருக்குப் பூச்சு அப்படி.

கோவாவில் ஒரு பெரிய கோயில் இருக்கிறது. உலகப் புகழ் பெற்ற கோயில். 400 ஆண்டுகளுக்கு மேல் பழமையானது. அந்தக் கோயிலின் சுவர்களில் இன்று பூச்சு இல்லை. அதன் கதையைத் தெரிந்துகொள்வோம்.

1. ஆற்றங்கரை நகரம்

கோவா நம் நாட்டின் மேற்குக் கரையில் உள்ள சிறிய மாநிலம். அதன் தலைநகர் பணஜி. பணஜியிலிருந்து கிழக்கே சுமார் 10 கிலோமீட்டர் போனால் பழைய கோவா வரும். மாண்டவி ஆற்றின் கரையில் இருக்கிறது. கொங்கண் ரயில் பாதையில் வருபவர்கள் கர்மாலி நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து பழைய கோவா பக்கம்தான்.

1510-ஆம் ஆண்டு போர்த்துகீசியர் கோவாவைப் பிடித்தார்கள். அதற்கு முன் அது பிஜப்பூர் சுல்தானின் ஆட்சியில் இருந்தது. போர்த்துகீசியர் இந்த ஆற்றங்கரை நகரத்தைத் தங்கள் தலைநகர் ஆக்கினார்கள். கப்பல்கள் வந்தன. மிளகும் துணியும் குதிரையும் கைமாறின. பெரிய பெரிய கோயில்களும் மடங்களும் எழுந்தன.

இந்த வரலாற்றில் துயரமும் உண்டு. அந்த ஆட்சியில் இந்துக் கோயில்கள் பல இடிக்கப்பட்டன. 1560-இல் மத விசாரணை மன்றம் வந்தது. அது பலரைக் கொடுமைப்படுத்தியது. 1812-இல்தான் அது அடியோடு ஒழிந்தது. பழைய கட்டடத்தைப் போற்றும்போது இதையும் மறைக்கக் கூடாது. நல்லதும் கெட்டதும் சேர்ந்ததுதான் வரலாறு.

2. சவேரியார் யார்?

பழைய கோவாவுக்கு மக்கள் ஏன் திரண்டு வருகிறார்கள்? புனித பிரான்சிஸ் சவேரியாரின் உடல் அங்கே இருக்கிறது. அதுதான் காரணம்.

சவேரியார் 1506-இல் இன்றைய ஸ்பெயின் நாட்டில் பிறந்தார். இயேசு சபையைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். 1542-ஆம் ஆண்டு மே மாதம் கப்பலில் கோவா வந்து சேர்ந்தார். அந்தக் கப்பல் பயணம் ஓராண்டுக்கு மேல் நடந்தது.

அதே ஆண்டு அவர் தமிழகத்துக்கும் வந்தார். கன்னியாகுமரி முதல் தூத்துக்குடி வரை உள்ள கடற்கரை முத்துக்குளித்துறை. அங்கே முத்துக் குளிக்கும் மக்களிடையே வேலை செய்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்களை உட்கார வைத்து, செபங்களைத் தமிழில் மாற்றச் சொன்னார். அவற்றை மனப்பாடம் செய்தார். கையில் மணியை அடித்துக்கொண்டு தெருவில் போவார். மணி ஓசை கேட்டுப் பிள்ளைகள் கூடுவார்கள். அவர்களுக்குச் செபம் சொல்லிக் கொடுப்பார். மணப்பாட்டில் கடலோரக் குகை ஒன்று அவர் நினைவைச் சொல்கிறது. நாகர்கோவில் கோட்டாறில் அவர் பெயரால் பெரிய கோயில் இருக்கிறது.

பிறகு அவர் மலாக்காவுக்குப் போனார். ஜப்பானுக்கும் போனார். சீனாவுக்குள் போக விரும்பினார். முடியவில்லை. சீனக் கரைக்கு அருகே ஒரு தீவில் 1552-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் இறந்தார். அப்போது அவருக்கு வயது 46.

அவர் உடலை முதலில் அந்தத் தீவிலேயே புதைத்தார்கள். பிறகு மலாக்காவுக்குக் கொண்டு போனார்கள். 1554-இல் கோவாவுக்குக் கொண்டு வந்தார்கள். உடல் கெடாமல் இருந்தது என்று மக்கள் வியந்தார்கள். முதலில் புனித பவுல் கல்லூரியில் வைத்தார்கள். 1622-இல் கத்தோலிக்கத் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தது. அதன்பின் உடல் போம் ஜீசஸ் கோயிலுக்கு வந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

3. கோயில் எழுந்தது

'போம் ஜீசஸ்' என்பது போர்த்துகீசியப் பெயர். 'நல்ல இயேசு' என்று பொருள். கோயில் வேலை 1594-ஆம் ஆண்டு தொடங்கியது. 1605-ஆம் ஆண்டு கோயில் அர்ச்சிக்கப்பட்டது. வேலைக்குப் பணம் எங்கிருந்து வந்தது? கொச்சியில் தளபதியாக இருந்த ஒருவர் இறக்கும்போது தம் சொத்தை இதற்காக எழுதி வைத்தார். அவருடைய நினைவுச் சின்னம் கோயிலுக்குள் இருக்கிறது.

கோயிலின் நீளம் 183 அடி. அகலம் 55 அடி. உள்ளே உயரம் 61 அடி.

சுவர்கள் செம்புராங்கல்லால் ஆனவை. இது சிவப்பு நிறக் கல். கோவாவிலும் கேரளத்திலும் நிறையக் கிடைக்கும். தமிழ்நாட்டிலும் சில மாவட்டங்களில் உண்டு. பூமியிலிருந்து வெட்டும்போது மெதுவாக இருக்கும். காற்றுப் பட்டதும் இறுகும். ஆனால் இந்தக் கல்லில் சிறு சிறு துளைகள் உண்டு. தேன்கூடு போல இருக்கும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் பிற்பகுதிக்கு இது முக்கியம்.

கோயிலின் முன்முகத்தில் தூண்களும் சிற்பங்களும் உள்ளன. அவை கருங்கல்லில் செய்தவை. மும்பைக்கு வடக்கே உள்ள வசாயிலிருந்து அந்தக் கல் வந்தது. முன்முகம் தவிர மற்ற வெளிச் சுவர்களுக்குச் சுண்ணாம்புக் காரை பூசினார்கள். அந்தக் காலத்துக் கொத்தனார்கள் காரணம் இல்லாமல் பூசவில்லை.

4. உள்ளே என்ன இருக்கிறது?

உள்ளே நுழைந்ததும் நேர் எதிரே உயரமான பீடம் தெரியும். மரத்தில் செதுக்கி, தங்க முலாம் பூசியது. நடுவில் இயேசு சபையின் தலைவரான புனித இஞ்ஞாசியாரின் பெரிய சிலை. கீழே குழந்தை இயேசுவின் சிறிய சிலை. பக்கத்தில் மரத்தால் செய்த பிரசங்க மேடை. அதில் நுணுக்கமான வேலைப்பாடு.

வலப்பக்கம் சவேரியாரின் கல்லறை இருக்கிறது. கல்லறையின் அடிப்பகுதி பளிங்கால் ஆனது. இத்தாலி நாட்டில் டஸ்கனி என்ற பகுதி உண்டு. அதை ஆண்ட மூன்றாம் கோசிமோ இதைக் காணிக்கையாக அனுப்பினார். ஃபோஜினி என்ற சிற்பி செய்தார். வேலை முடியப் பத்து ஆண்டுகள் ஆயின. பகுதி பகுதியாகக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். 1698-இல் இங்கே பொருத்தினார்கள்.

அதன் மேலே வெள்ளிப் பேழை இருக்கிறது. அது வெளிநாட்டு வேலை அல்ல. கோவாத் தட்டார்கள் 1636, 1637 ஆண்டுகளில் செய்தார்கள். வெள்ளித் தகடுகளில் சவேரியாரின் வாழ்க்கைக் காட்சிகளைச் செதுக்கியிருக்கிறார்கள். கீழே இத்தாலிச் சிற்பியின் பளிங்கு. மேலே நம் நாட்டுத் தட்டார்களின் வெள்ளி. இரண்டு நாட்டுக் கைவேலையும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கின்றன.

5. மக்கள் வருகிறார்கள்

ஆண்டுதோறும் டிசம்பர் 3-ஆம் நாள் சவேரியார் திருவிழா. அதற்கு முன் ஒன்பது நாள் நவநாள் நடக்கும். கோவா மக்கள் கொங்கணி மொழியில் அவரை 'கோயஞ்சோ சாயப்' என்று அழைப்பார்கள். 'கோவாவின் பெரியவர்' என்பது போன்ற பொருள். கத்தோலிக்கர் மட்டும் வருவதில்லை. இந்துக்களும் மற்றவர்களும் வருகிறார்கள். மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். நேர்ச்சை செலுத்துகிறார்கள். கால்நடையாக வருபவர்களும் உண்டு.

பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பேழையைக் கீழே இறக்குவார்கள். பக்கத்தில் உள்ள பெரிய கோயிலுக்கு ஊர்வலமாகக் கொண்டு போவார்கள். மக்கள் அருகில் நின்று பார்க்கலாம். 2014-இல் இப்படி நடந்தது. அடுத்து 2024 நவம்பர் 21 முதல் 2025 ஜனவரி 5 வரை நடந்தது. லட்சக்கணக்கான மக்கள் வரிசையில் நின்றார்கள். அவர்களில் தமிழ்நாட்டவரும் இருந்தார்கள்.

6. நகரம் காலியானது

பழைய கோவா ஒரு காலத்தில் பெரிய நகரம். பிறகு அங்கே காலராவும் மலேரியாவும் பரவின. நல்ல குடிநீர் இல்லை. மக்கள் செத்தார்கள். மிஞ்சியவர்கள் ஊரை விட்டுப் போனார்கள். 1843-இல் பணஜி தலைநகர் ஆனது. பழைய கோவாவில் வீடுகள் இடிந்தன. தெருக்களில் காடு வளர்ந்தது.

கோயில்களுக்கும் சோதனை வந்தது. 1759-இல் போர்த்துகீசிய அரசு இயேசு சபையைத் தடை செய்தது. 1830-களில் மற்ற துறவற சபைகளையும் வெளியேற்றியது. மடங்கள் காலியாயின.

பக்கத்துக் குன்றில் புனித அகுஸ்தினார் கோயில் இருந்தது. மிகப் பெரிய கோயில். துறவிகள் போனபின் பராமரிக்க ஆள் இல்லை. 1842-இல் அதன் மேற்கூரை இடிந்து விழுந்தது. 1931-இல் முன்முகமும் கோபுரத்தின் பாதியும் விழுந்தன. இன்று பாதிக் கோபுரம் மட்டும் தனியாக நிற்கிறது. அதுவும் செம்புராங்கல்தான்.

போம் ஜீசஸ் கோயிலுக்கு இந்த நிலை வரவில்லை. ஏன்? அங்கே மக்கள் வருவது நிற்கவில்லை. விளக்கு எரிந்தது. திருப்பலி நடந்தது. ஓடு உடைந்தால் பார்க்க ஆள் இருந்தது. 1946-இல் அதற்குப் பேராலயம் என்ற பட்டம் கிடைத்தது.

7. பூச்சை எடுத்தார்கள்

1950-களில் கோவா இன்னும் போர்த்துகீசியர் கையில் இருந்தது. அப்போது பழைய கோவாவில் கட்டடங்களைப் புதுப்பிக்கும் வேலை நடந்தது. போம் ஜீசஸ் கோயிலின் வெளிப் பூச்சைச் சுரண்டி எடுத்தார்கள். கல் வெளியே தெரிந்தால் கோயில் இன்னும் பழமையாகத் தோன்றும் என்று நினைத்தார்கள். வெள்ளைக் கோயில் சிவப்புக் கோயில் ஆனது.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. படம் எடுத்தார்கள். அஞ்சல் அட்டைகளில் அச்சடித்தார்கள். இன்று பலருக்கும் அந்தச் சிவப்புக் கோயிலைத்தான் தெரியும்.

ஆனால் மழை அழகைப் பார்த்துப் பெய்வதில்லை. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் மழை பெய்யும். கோவாவில் சுமார் 300 சென்டிமீட்டர். அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கே மாதத்தில் கொட்டிவிடும். செம்புராங்கல்லின் துளைகளில் தண்ணீர் புகும். கல்லில் உள்ள களிமண் கரையும். துளை பெரிதாகும். அடுத்த மழையில் இன்னும் கொஞ்சம் போகும். பாசி படரும். செடி முளைக்கும். வேர் கல்லைப் பிளக்கும். சுண்ணாம்பு பூசிய காலத்தில் மழை முதலில் பூச்சைத்தான் தாக்கும். பூச்சு தேய்ந்தால் மறுபடி பூசலாம். கல் தேய்ந்தால் அந்தக் கல்லை யார் திருப்பித் தருவார்?

நல்ல எண்ணத்தில் செய்த வேலைதான். ஆனால் விளைவை யோசிக்கவில்லை. ஏறக்குறைய 70 ஆண்டு மழை அந்தச் சுவர்களில் நேரே அடித்திருக்கிறது.

8. யார் காப்பது?

1961 டிசம்பர் 19-ஆம் நாள் கோவா விடுதலை பெற்றது. இந்தியாவோடு சேர்ந்தது. இன்று இந்தக் கட்டடம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வழிபாட்டைத் திருச்சபை நடத்துகிறது. 1986-இல் யுனெஸ்கோ அமைப்பு கோவாவின் கோயில்களையும் மடங்களையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்தப் பட்டியலில் போம் ஜீசஸ் பேராலயமும் உண்டு.

2020-ஆம் ஆண்டு கூரையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது கொரோனா வந்தது. பொது முடக்கத்தால் வேலை நின்றது. மழைக்காலமோ நெருங்கியது. கோயிலுக்குள் தண்ணீர் இறங்குகிறது என்று கோயில் பொறுப்பாளர்கள் எச்சரித்தார்கள். செய்தித்தாள்களில் செய்தி வந்தது. அப்போதுதான் பலருக்கும் பூச்சு போன கதை தெரிந்தது.

மறுபடியும் பூச வேண்டும் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். "கல் கரைகிறது. இன்னும் காத்திருக்கக் கூடாது" என்பது அவர்கள் வாதம். வேறு சிலர் தயங்குகிறார்கள். "இரண்டு மூன்று தலைமுறையாகச் சிவப்புக் கோயிலையே பார்த்துவிட்டோம். நிறத்தை மாற்றலாமா?" என்று கேட்கிறார்கள். இரண்டு பக்கமும் கோயில் மேல் அக்கறை உள்ளவர்கள்தான்.

பூசுவதானால் எதைப் பூசுவது? சிமெண்டு பூசினால் என்ன என்று சிலருக்குத் தோன்றும். அது கூடாது. சுவருக்குள் எப்போதும் கொஞ்சம் ஈரம் இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடும். சிமெண்டுப் பூச்சு உள்ளேயே அடைத்துவிடும். உள்ளே அடைபட்ட ஈரம் கல்லை அரிக்கும். பழைய சுவருக்குப் பழைய மருந்துதான் ஒத்துக்கொள்ளும்.

சுண்ணாம்பு செய்யும் முறையும் நம் முன்னோர் அறிந்ததே. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ காளவாயில் சுடுவார்கள். சுட்டதில் தண்ணீர் ஊற்றி நீற்றுவார்கள். மணல் சேர்த்து அரைப்பார்கள். சுவரில் பூசிய பிறகு அது காற்றை உறிஞ்சி மெல்ல மெல்லக் கல்லாக இறுகும். இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்று குறைவு. கட்டடத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றால் இந்தக் கைத்தொழிலையும் காப்பாற்ற வேண்டும்.

9. நம் பங்கு என்ன?

கோவா தொலைவில் இருக்கிறது. ஆனால் பழைய கட்டடம் எல்லா ஊரிலும் உண்டு. கோயிலாக இருக்கலாம். மசூதியாக இருக்கலாம். சத்திரம், குளத்துப் படித்துறை, கல் மண்டபம் எதுவாகவும் இருக்கலாம்.

நாட்டின் பாரம்பரியத்தை மதித்துக் காப்பது குடிமக்களின் கடமை. நம் அரசியல் சட்டமே இதைச் சொல்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்கு 1958-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அவற்றைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்டத் தடை உண்டு.

சட்டம் இருந்தால் போதுமா? போதாது. சுவரில் பெயர் கிறுக்காமல் இருப்பது நம் கையில்தான் இருக்கிறது. கூரையில் முளைத்த ஆலங்கன்றைச் சிறியதாக இருக்கும்போதே கவனிக்க வேண்டும். மழைநீர் போகும் வழியில் குப்பை அடைக்காமல் பார்க்க வேண்டும். பழுது பார்க்கிறோம் என்று சொல்லிச் சிற்பத்தின் மேல் பெயிண்ட் அடிப்பதும் தவறு. தரையில் வழுவழுப்பான ஓடு பதிப்பதும் தவறு. தெரிந்தவர்களைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

கொச்சித் தளபதியின் சொத்து, கோவாத் தட்டாரின் கைவேலை, இத்தாலிச் சிற்பியின் பத்தாண்டு உழைப்பு எல்லாம் அந்தக் கோயிலில் இருக்கின்றன. பெயர் தெரியாத கொத்தனார்களின் வியர்வையும் இருக்கிறது. அவர்கள் கட்டிக் கொடுத்தார்கள். மழைக்கு முன்னால் சுவரைப் பார்க்க வேண்டியது இப்போது இருப்பவர்களின் வேலை.

புதிய சொற்கள்

பேராலயம் – சிறப்புப் பட்டம் பெற்ற பெரிய கத்தோலிக்கக் கோயில்
பேழை – பெட்டி
பாரம்பரியம் – முன்னோர் விட்டுச் சென்ற செல்வம்
ஓதம் – சுவரில் ஏறும் ஈரம்
காளவாய் – சுண்ணாம்பு, செங்கல் சுடும் சூளை
நவநாள் – ஒன்பது நாள் வழிபாடு

பதில் சொல்லுங்கள்

1. சவேரியார் எந்த ஆண்டு கோவாவுக்கு வந்தார்?
2. வெள்ளிப் பேழையைச் செய்தவர்கள் யார்?
3. அகுஸ்தினார் கோயில் ஏன் இடிந்தது? போம் ஜீசஸ் கோயில் ஏன் இடியவில்லை?
4. பழைய சுவருக்குச் சிமெண்டு ஏன் பூசக் கூடாது?

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்

1. சவேரியார் திருவிழா டிசம்பர் ______ ஆம் நாள்.
2. கோவா விடுதலை பெற்ற ஆண்டு ______.
3. கோயில் சுவர்கள் ______ கல்லால் ஆனவை.

கூடிப் பேசுங்கள்

பேராலயத்துக்கு மறுபடியும் சுண்ணாம்பு பூசலாமா, சிவப்பாகவே விடலாமா? உங்கள் கருத்து என்ன? காரணம் சொல்லுங்கள்.

செய்து பாருங்கள்

நான்கு பேராகச் சேருங்கள். உங்கள் ஊரில் உள்ள ஒரு பழைய கட்டடத்தைப் போய்ப் பாருங்கள். கூரை ஒழுகுகிறதா? சுவரில் செடி முளைத்திருக்கிறதா? தண்ணீர் தேங்குகிறதா? பார்த்ததை நோட்டில் எழுதுங்கள். ஊரில் வயதானவர்களிடம் அதன் கதையைக் கேட்டு அதையும் எழுதுங்கள். பழுது இருந்தால் ஊராட்சித் தலைவருக்கு ஒரு மனு எழுதுங்கள். மனுவில் நாள், இடம், பழுது என்ன என்பதைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். கீழே எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள்.